வாலை வாங்குவதற்கு முன்

எங்கள் மொட்டை மாடிக்கு ஏறி வருகிறவர்கள் எல்லாரும் முதலில் நான் மூலிகை எண்ணெய் வடிக்கும் பானையைத்தான் பார்ப்பார்கள். எத்தனை லிட்டர் பிடிக்கும், எந்தக் கடை, என்ன விலை. "தண்ணீருக்கு என்ன செய்கிறீர்கள்?" என்று இதுவரை ஒருவர்கூட முதல் கேள்வியாகக் கேட்டதில்லை. காலடிப்பேட்டையில் குடியிருந்துகொண்டு, லாரித் தண்ணீருக்குக் குடங்களை வரிசையில் வைத்துப் பழகியவர்களே கேட்பதில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

நான் வடசென்னைக் கல்லூரி ஒன்றின் வேதியியல் ஆய்வகத்தில் 31 வருடம் உதவியாளராக இருந்தவள். குடுவை கழுவுவது, பியூரெட்டுக்குத் தண்ணீர் ஓட்டுவது, மாணவர்கள் உடைத்ததைப் பதிவேட்டில் ஏற்றுவது, அவ்வளவுதான் என் வேலை. பாடம் நடத்தியவர்கள் கரும்பலகையில் வரைந்துவிட்டுப் போவார்கள். அதைத் தாங்கியில் மாட்டி, ஒழுகாமல் ஓடவைத்தது என் கை. ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கை சும்மா இருக்கவில்லை. ஓமத்தில் ஆரம்பித்து எலுமிச்சைப் புல், துளசி, யூக்கலிப்டஸ் இலை என்று மாடியில் எண்ணெய் வடிக்கிறேன். தெருவில் எனக்குத் தைலக்கார அம்மா என்று பெயர். ஏழெட்டு வருடமாக ஒரே கேள்விகளுக்கு வாயால் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் பெயர். இணையத்தில் தேடினால் டிஸ்டில்லர், எக்ஸ்ட்ராக்டர் என்று பத்துப் பெயர் வரும். நம் சித்த மருத்துவத்தில் இதற்கு வாலை என்று எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். வாலையில் வடித்த நீர் தீநீர். குழந்தை வீட்டில் அலமாரியில் இருக்குமே ஓமத் தீநீர், அது இந்த வகைதான். ராசப்பா செட்டித் தெருவில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் பெரியவர்களிடம் வாலை என்று சொல்லிப் பாருங்கள், உடனே புரிந்துகொள்வார்கள்.

வேலை செய்யும் விதம் இட்லிப் பானைதான். கீழே தண்ணீர், நடுவில் துளை போட்ட தட்டு, தட்டில் மாவுக்குப் பதிலாக இலையோ விதையோ வேரோ. ஆவி அதன் ஊடாக ஏறும்போது எண்ணெயையும் தூக்கிக்கொண்டு போகிறது. மூடியில் ஒரு குழாய். குழாய் ஒரு குளிர்ப்பானுக்குள் போகிறது. அங்கே ஆவி மறுபடி தண்ணீராகிச் சொட்டுகிறது, அந்தத் தண்ணீரின் மேல் எண்ணெய் மிதக்கிறது. ஆகப் பானை, குழாய், குளிர்ப்பான், பிரிக்கும் குடுவை. நான்கே உறுப்பு.

"ஓமத்தில் இருக்கும் தைமாலின் கொதிநிலை 232 டிகிரி என்று படித்தேன், தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது, பிறகு எப்படி எண்ணெய் வரும்?" என்று ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி. தண்ணீரோடு கலக்காத ஒரு திரவத்தைத் தண்ணீரோடு சேர்த்துச் சூடாக்கினால் இரண்டும் தனித்தனியாக ஆவியழுத்தம் கொடுக்கும். இரண்டின் கூட்டுத்தொகை வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தொட்டதும் கொதி வந்துவிடும். அதனால் 100 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே இரண்டும் சேர்ந்து கிளம்பும். எண்ணெயின் பங்கு குறைவு, தண்ணீரின் பங்கு மிக அதிகம். அதனால்தான் ஒரு சின்னச் சீசா எண்ணெய்க்கு லிட்டர் கணக்கில் வடிக்கவேண்டியிருக்கிறது. எங்கள் பக்கத்து மணலியில் 1969 முதல் ஓடும் சுத்திகரிப்பு ஆலையின் கோபுரங்களைப் பேருந்திலிருந்து பார்த்திருப்பீர்கள். அங்கேயும் வடிப்பதுதான் அடிப்படை. ஆனால் அங்கே ஒன்றோடொன்று கலந்த எண்ணெய்களைக் கொதிநிலைப்படி அடுக்கடுக்காகப் பிரிக்கிறார்கள். நமக்கு அந்த உயரம் தேவையில்லை; ஒரு முழம் குழாய் போதும்.

இப்போது பானை. கண்ணாடியா, எவர்சில்வரா, செம்பா?

கண்ணாடி அழகு. உள்ளே நடப்பது தெரியும். கற்றுக்கொள்ள அதைவிட நல்லது இல்லை. போரோசிலிகேட் கண்ணாடியாக இருக்கவேண்டும்; சாதாரணக் கண்ணாடி சூட்டில் அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு விரியும், அதனால் தெறிக்கும். ஆனால் இரண்டு லிட்டர் குடுவைக்கு மேல் போனால் கண்ணாடி உங்கள் பணத்தைத் தின்னும், உடைந்தால் மனதையும் தின்னும். போரோசிலிகேட் என்றால் உடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொதித்து இறக்கிய குடுவையை ஈரத் தரையில் வைத்தால் அடியில் நிலாப்பிறை மாதிரி ஒரு கோடு ஓடும், டிக் என்று ஒரு சத்தம் கேட்கும். நான் 31 வருடத்தில் அந்தச் சத்தத்தை எத்தனை முறை கேட்டேன் என்று பதிவேடு சொல்லும். இறக்கி வைக்க ஒரு சும்மாடு வைத்துக்கொள்ளுங்கள், தலையில் சுமை தூக்குபவர்கள் வைப்பதைப் போல.

கண்ணாடி வாங்கினால் மூட்டு அளவைப் பாருங்கள். பி-24 என்று பொறித்திருந்தால் வாயின் அகலப் பக்கம் 24 மில்லிமீட்டர் என்று பொருள். எல்லா உறுப்பையும் ஒரே அளவில் வாங்குங்கள். ஒரு கடையில் பி-24 குடுவை, இன்னொரு கடையில் பி-19 குளிர்ப்பான் என்று வாங்கிக்கொண்டு வந்து, இரண்டையும் ரப்பர் கார்க்கில் சேர்க்கலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. சேர்க்கலாம், எண்ணெய் சைக்கிள் டியூப் வாசனை அடிக்கும். எனக்கே நடந்தது. ஒரு கடையில் முழு செட் என்று விற்றார்கள். அதில் சிவப்பு ரப்பர் குழாய் வைத்திருந்தார்கள். முதல் வடிப்பில் அரைக் கிலோ ஓமத்தின் எண்ணெய் முழுவதும் பஞ்சர் கடை மணத்தோடு வந்தது. இந்த எண்ணெய்கள் ரப்பரைக் கரைக்கும், சாதாரண பிளாஸ்டிக்கையும் இளக்கும். ஆவி தொடும் இடத்தில் கண்ணாடி, எவர்சில்வர், டெஃப்லான் இவை மட்டும். சிலிகோன் குழாய் சூட்டைத் தாங்கும், ஆனால் வாசனையை உறிஞ்சிக்கொண்டு விடாது. துளசிக்கு ஒன்று, ஓமத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளவேண்டும்.

செம்பு பழைய வழி. உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் அத்தர் வடிக்கிறவர்கள் இன்றும் செம்பு அண்டாவில், மூங்கில் குழாய் பொருத்தி, மண்ணும் துணியும் வைத்து மூட்டுகளை அடைத்து வடிக்கிறார்கள். செம்புக்குச் சூடு சீராகப் பரவும். ஆனால் எங்கள் கடற்காற்றில் செம்பைப் பச்சை பிடிக்காமல் வைத்துக்கொள்வது தினசரி வேலை. புளி போட்டுத் தேய்க்கப் பொறுமை இருந்தால் வாங்குங்கள். அலுமினியம் வேண்டாம்.

நான் சொல்வது எவர்சில்வர் இட்லிப் பானை. எட்டு லிட்டர் பிடிப்பதாக, அடி கனமாக, மூடி குழிந்து உட்காருவதாக. 304 ரகம் என்று கேட்டு வாங்குங்கள். கடற்கரைப் பக்கம் மலிவு ரகங்கள் ஓரிரு வருடத்தில் புள்ளி புள்ளியாகத் துரு காட்டும். அதைப் பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறைக்கு எடுத்துப்போய், மூடியின் நடுவில் துளையிட்டு ஒரு எவர்சில்வர் குழாய்த் துண்டைப் பற்றவைக்கச் சொல்லுங்கள். முக்கால் அங்குல விட்டத்துக்குக் குறையக் கூடாது. பட்டறைக்காரர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார். எதற்கு என்று கேட்பார். ஓமத் தைலம் என்று சொல்லுங்கள். இந்த ஊரில் மூடியில் குழாய் வைத்த பானைக்கு வேறொரு சரித்திரம் உண்டு. சாராயம் காய்ச்சும் நோக்கத்தோடு அப்படிப்பட்ட பானையை வைத்திருப்பதே 1937ஆம் வருடத்து மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். கீழ்வீட்டுப் பெரியம்மா முதல் வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் மாடிக்கு அழைத்துவந்து சொட்டும் நீரை முகரக் கொடுத்தேன். இப்போது வாய்வு வந்தால் தீநீருக்கு அவர்தான் முதலில் டம்ளரோடு வருகிறார். குழாயில் முகர்ந்ததைத் தருவதில்லை, கடையில் வாங்கிய புட்டியைக் கொடுத்து அனுப்புகிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மூடி உட்காரும் விளிம்பை எதனால் அடைப்பது? மைதா மாவைக் கெட்டியாகப் பிசைந்து கயிறு போலத் திரித்து விளிம்பைச் சுற்றி வைத்து, மூடியை அழுத்துங்கள். சூடேறியதும் மாவு வெந்து இறுகிவிடும். எங்கேனும் ஆவி சீறினால் ஈரக் கையால் இன்னொரு துண்டு மாவை அப்பவேண்டும். வேலை முடிந்ததும் பேர்த்து எறிந்துவிடலாம். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. எங்காவது அடைப்பு விழுந்து அழுத்தம் ஏறினால் முதலில் பிய்வது மாவுதான். மூடி வானத்துக்குப் போகாது.

குக்கர் பற்றிக் கேட்பீர்கள், எல்லாரும் கேட்கிறார்கள். வெயிட்டை எடுத்துவிட்டு அந்த முனையில் குழாய் மாட்டலாம் என்று வீடியோவில் காட்டுகிறார்கள். வெறும் தண்ணீர் ஊற்றி ஆவி எடுக்க மட்டும் என்றால் சரி. உள்ளே இலை போடாதீர்கள். அந்த முனையின் துளை பென்சில் முனை அளவுதான். எங்கள் தெருப் பையன் ஒருவன் குக்கர் முழுக்கத் துளசியைத் திணித்து அடுப்பேற்றினான். ஓர் இலை போய்த் துளையில் ஒட்டிக்கொண்டது. பாதுகாப்பு வால்வு பிய்த்துக்கொண்டதால் தப்பித்தான். சமையலறைக் கூரையில் பச்சைப் புள்ளிகளை அவன் அம்மா எனக்குக் கூப்பிட்டுக் காட்டினார், நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று நினைத்துக்கொண்டு.

இதோடு சேர்த்து ஒரு விதி. வாலையின் கடைசி வாய் எப்போதும் திறந்திருக்கவேண்டும். சொட்டு விழும் புட்டியைத் தக்கை போட்டு மூடி, மணம் போகாமல் காப்பாற்றுகிறேன் என்று நினைக்காதீர்கள். மூடிய வாலை வெடிகுண்டு. அதேபோலக் குழாய் பானையிலிருந்து கீழ்நோக்கியே சரிந்து வரவேண்டும். நடுவில் தொங்கிக் குழி விழுந்தால் அங்கே தண்ணீர் தேங்கி, ஆவி அதைத் தள்ளமுடியாமல் குடுக் குடுக் என்று சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டுக் குழாயைத் தூக்கிக் கட்டுங்கள்.

இனி தண்ணீருக்கு வருகிறேன்.

ஒரு லிட்டர் வடிநீர் கிடைக்கும் அளவுக்கு நீராவி குளிர்ந்து தண்ணீராகும்போது 2,257 கிலோஜூல் வெப்பத்தை வெளியே விடுகிறது. அதைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவர இன்னும் 250 போல. இந்த வெப்பம் முழுவதையும் குளிர்ப்பானைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான் வாங்கிக்கொள்ளவேண்டும். கல்லூரியில் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் பாட்டுக்குத் தொட்டியில் கொட்டிக்கொண்டிருக்கும். வீட்டில் அப்படிச் செய்தால் தெருவே சண்டைக்கு வரும், வரத்தான் வேண்டும். அதனால் ஒரு நீல டிரம்மில் தண்ணீரை நிரப்பி, அதையே ஒரு சின்ன பம்ப்பால் சுற்றவிடவேண்டும். கணக்கு எளிது. 100 லிட்டர் தண்ணீர், ஒவ்வொரு லிட்டர் வடிநீருக்கும் ஆறு டிகிரி சூடேறும். 200 லிட்டர் டிரம் என்றால் மூன்று டிகிரி. காலையில் 29 டிகிரியில் தொடங்கினால் மூன்று லிட்டர் வடித்த பிறகும் 38தான் இருக்கும், தாராளம். ஆனால் மே மாதத்துப் பகல் பன்னிரண்டு மணிக்குக் கூரைத் தொட்டித் தண்ணீரை நேராக எடுத்துத் தொடங்கினால் ஆரம்பமே கொதிப்பு. நான் விடிகாலை நாலரைக்கு அடுப்பு மூட்டுவேன். மீன்பிடித் துறைமுகத்துக்குக் கூடையோடு போகிறவர்கள் கீழே பேசிக்கொண்டு போவது கேட்கும்.

டிரம் வைக்க இடம் இல்லாதவர்களுக்கு ஐஸ். காசிமேட்டில் படகுகளுக்குப் பொடித்துப் போடும் ஐஸைச் சாக்கில் வாங்கி வரலாம். ஒரு லிட்டர் வடிநீருக்கு ஐந்து முதல் ஏழு கிலோ பிடிக்கும். குளிர்ப்பானுக்கு வெளியே ஓடும் தண்ணீர் எண்ணெயைத் தொடுவதே இல்லை, அதனால் மீன் வாசனை எண்ணெயில் ஏறாது. ஆனால் டிரம்மில் ஏறும். ஒரு முறை வாங்கி வந்தேன், ஆறு பூனைகள் டிரம்மைச் சுற்றி உட்கார்ந்து எண்ணெய் வடிவதை மூன்று மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தன.

திருவொற்றியூர்க் கரையோரம் போர்வெல் தண்ணீர் பல வீடுகளில் உப்பு. குளிர்விக்க அது போதும், வேலை முடிந்ததும் பம்ப்பில் நல்ல தண்ணீர் ஓட்டிக் கழுவுங்கள். பானைக்குள் ஊற்றுவது மட்டும் மெட்ரோ தண்ணீரோ கேன் தண்ணீரோ ஆக இருக்கட்டும். உப்புத் தண்ணீரைக் கொதிக்கவிட்டால் அடியில் வெள்ளைப் படிவு பிடித்து, சூடு ஏறாமல் காஸ் வீணாகும்.

குளிர்ப்பானில் சுருள் குழாய் வாங்கவா, நேர்க் குழாய் வாங்கவா? சுருளை அப்படியே டிரம்முக்குள் முக்கிவிட்டால் பம்ப்பே வேண்டாம். சிக்கனம்தான். ஆனால் சுருளுக்குள் பிரஷ் போகாது. போன மாதத்து யூக்கலிப்டஸ் இந்த மாதத்துத் துளசியில் எட்டிப்பார்க்கும். நான் நேர்க் குழாய்க் கட்சி. ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய், இடையில் தண்ணீர்; கல்லூரியில் லீபிக் என்று சொல்வோம். அறுபது சென்டிமீட்டர் நீளம் இருந்தால் மணிக்கு அரை லிட்டர் வேகத்துக்குக் கவலையில்லை. தண்ணீர் கீழ்முனையில் நுழைந்து மேல்முனையில் வெளியேறவேண்டும். மாற்றி மாட்டினால் குழாய் முழுக்க நிரம்பாமல் பாதியில் காற்று நின்றுவிடும். முப்பது பேர் கொண்ட வகுப்பில் வருடத்துக்கு இரண்டு பேராவது மாற்றித்தான் மாட்டுவார்கள். குமிழ் குமிழாக இருக்கும் குளிர்ப்பானைச் சாய்த்து வைக்காதீர்கள், குமிழ்களில் எண்ணெய் தங்கிவிடும்.

பிரிப்பதற்கு என்ன வாங்குவது என்றால், தொடக்கத்தில் எதுவும் வேண்டாம். நீண்ட கழுத்துள்ள ஒரு கண்ணாடிப் புட்டியும், ஊசி இல்லாத சிரிஞ்சும் போதும். ஒரு இரவு அசையாமல் வைத்தால் எண்ணெய் கழுத்தில் வளையமாக நிற்கும், உறிஞ்சி எடுக்கலாம். பழகிய பிறகு அடியில் திருகு வைத்த பிரிபுனல் வாங்குங்கள். மூலிகையில் எத்தனை சதவீதம் எண்ணெய் என்று அளக்க ஆசைப்பட்டால் கிளெவெஞ்சர் கருவி. கிளெவெஞ்சர் என்பவர் 1928இல் வெளியிட்ட அமைப்பு அது; எண்ணெய் அளவு குறித்த சிறு குழாயில் நின்றுகொள்ள, தண்ணீர் தானாகவே குடுவைக்குத் திரும்பிப் போகும். அழகான பொருள். அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் முதல் வருடத்துக்குத் தேவையில்லை.

எல்லா எண்ணெயும் மிதக்காது. கிராம்பு எண்ணெய் மூழ்கும். தண்ணீரைவிடக் கனம். ஒருவர் கிராம்பை வடித்துவிட்டு, மேலே ஒன்றும் இல்லையே என்று முழுவதையும் சாக்கடையில் ஊற்றிவிட்டு வந்து என்னிடம் புலம்பினார். கிராம்பில் பத்துக்கு ஒன்றரைப் பங்கு எண்ணெய்! எனக்கு நெஞ்சு வலித்தது.

எதை முதலில் வடிப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஓமம். வருடம் முழுக்கக் கிடைக்கும், காய்ந்த சரக்கு, அழுகாது, நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு வரை எண்ணெய் கொடுக்கும், எண்ணெய் மிதக்கும். எலுமிச்சைப் புல்லில் பச்சையாக வடித்தால் நூற்றுக்கு அரைகூடத் தேறாது. வெட்டிவேர் மேல் எல்லாருக்கும் கண். கடலூர் வேர் கையில் இருக்கிறது, வடிக்கலாமா என்பார்கள். அதற்கு ஒரு பகலும் ஓர் இரவும் அடுப்பு எரியவேண்டும். எண்ணெயின் எடை தண்ணீரின் எடைக்கு மிக நெருக்கம், மேலேயும் போகாது கீழேயும் போகாது, பால் மாதிரிக் கலங்கி நிற்கும். இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மல்லிகையைக் கேட்கவே கேட்காதீர்கள். ஆவியில் மல்லிகையை வைத்தால் வெந்த கீரை மணம்தான் வரும். மல்லிகையின் மணத்தை ஆலைகளில் ஹெக்சேன் போன்ற கரைப்பானில் எடுக்கிறார்கள். ஹெக்சேன் உறையும் குளிரிலும் தீப்பற்றும் ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து பக்கத்து அறையின் பூஜை விளக்கைத் தேடிப்போகும். சுவரோடு சுவர் ஒட்டிய நம் வீடுகளில் அதற்கு இடம் இல்லை.

ஓமம் வடிக்கும் நாள் இப்படிப் போகும். அரைக் கிலோ ஓமத்தை முந்தின நாள் கல், மண் பார்த்துப் புடைத்து வைப்பேன். அதிகாலையில் அம்மியில் ஒன்றிரண்டாக நசுக்குவேன். மிக்சியில் போட்டால் சூடேறி மணம் அங்கேயே போய்விடும், மாவாகிவிட்டால் தட்டில் களிபோல் இறுகி ஆவியை விடாது. நசுக்கிய ஐந்து நிமிடத்துக்குள் தட்டில் மெல்லிய துணி விரித்துப் பரப்பிவிடவேண்டும். பானையில் நாலரை லிட்டர் தண்ணீர். அதில் உடைந்த பீங்கான் ஓடு நாலைந்து துண்டு போடுவேன், கொதி திடீரென்று தூக்கி அடிக்காமல் இருக்க. இதைக் குளிர்ந்த தண்ணீரிலேயே போடவேண்டும். கொதிக்கும்போது போட்டால் பொங்கி முகத்துக்கு வரும். மாவை அடைத்து, பம்ப்பை ஓடவிட்டு, தண்ணீர் சுற்றுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுப்பு.

முதலில் பெரிய தீ. குழாயின் மேல்வளைவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பேன். சூடு ஊர்ந்து வருவது தெரியும். வளைவு தாண்டியதும் தீயைக் குறைத்துவிடவேண்டும். முதல் சொட்டு விழும்போதே ஓம மணம் மூக்கில் குத்தும். பிறகு மெல்லிய நூல் மாதிரி ஓடும். மணிக்கு அரை லிட்டர் போதும், அவசரப்பட்டால் குளிர்ப்பான் முனையில் புகை வரும். அந்தப் புகைதான் உங்கள் எண்ணெய், காற்றில் போகிறது. விழும் தண்ணீரை விரலில் பிடித்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. ஓமத்துக்கு ஐஸ் போட்டுச் சில்லென்று ஆக்காதீர்கள். ஓம எண்ணெயில் பாதிவரை தைமால் இருக்கும், அது ஐம்பது டிகிரியில் உருகும் படிகம், குளிர்ந்தால் ஊசி ஊசியாகப் படியும். நாட்டு மருந்துக் கடையில் ஓம உப்பு என்று கேட்டால் தருவது அதைத்தான். குளிர்ப்பானுக்குள் அது படிந்து வழியை அடைத்தால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

ஒன்றரை லிட்டர் வந்ததும், மூன்று மணி நேரம் போல ஆகியிருக்கும், நிறுத்திவிடுவேன். பானை வற்றக் கூடாது. வற்றிப் போனால் ஓமம் கருகி, வடித்த எல்லாவற்றிலும் தீய்ந்த வாசனை ஏறும். அரைக் கிலோவுக்குப் பத்து முதல் பதினைந்து மில்லி எண்ணெய். முதல் முறை ஆறுதான் வந்தது எனக்கு. பழுப்புநிறப் புட்டியில், கழுத்துவரை நிரப்பி, தேதி எழுதி ஒட்டி வையுங்கள்.

எண்ணெயைத் தோலில் அப்படியே தடவாதீர்கள், தைமால் எரித்துவிடும். தேங்காய் எண்ணெயில் நன்றாக இளக்கித்தான் தடவவேண்டும். வீட்டில் வடித்த தீநீரைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். எத்தனை பலம் இருக்கிறது என்று நமக்கு அளக்க வழியில்லை. பெரியம்மாவுக்குக் கடைப் புட்டி தருவது அதனால்தான். யூக்கலிப்டஸ் எண்ணெயைக் குழந்தை ஒரு மிடறு குடித்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும், உயரத்தில் வையுங்கள். விற்கிற எண்ணம் வந்தால், மருந்து என்றோ அழகுப் பொருள் என்றோ பெயர் ஒட்டுவதற்கு முன் 1940ஆம் வருடத்து மருந்து, அழகுப் பொருள் சட்டப்படி உரிமம் வேண்டும்.

இன்னொரு கேள்வியும் வரும், அதைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் மாடிப்படியின் பாதியில் நின்றுகொண்டு கேட்பார்கள். ரோசின் பிரஸ் என்கிறார்களே, பியூட்டேன் குழாய் என்கிறார்களே, அதெல்லாம் உங்களிடம் உண்டா அம்மா? கருவி தேடினால் கண்ணில் படும் வெளிநாட்டு வீடியோக்களில் பாதி கஞ்சாவின் பிசினைப் பிரிப்பதற்கானவை. கனடாவில் 2018 முதல் கஞ்சா சட்டப்படி விற்பனைக்கு வந்துவிட்டது, அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் அப்படியே. அங்கே அதற்கு உரிமம் பெற்ற ஆலைகள் இருக்கின்றன. இங்கே 1985ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டம். பிரித்தெடுத்த பிசினை அது சரஸ் என்று தனியாக வகைப்படுத்துகிறது. கஞ்சாவுக்கு வணிக அளவு 20 கிலோ என்றால் சரஸுக்கு ஒரே கிலோ. அதைத் தாண்டினால் பத்து வருடத்துக்குக் குறையாத சிறை. நூறு கிராமுக்குள் என்றாலும் ஒரு வருடம்வரை போகலாம். பிசினாகச் செறிவாக்கினால் சட்டம் இன்னும் கடுமை. பியூட்டேனோ அறை வெப்பத்தில் வாயு, காற்றைவிட இரண்டு மடங்கு கனம், காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே வெடிக்கும். உரிமம் உள்ள ஊர்களிலேயே வீட்டில் முயன்றவர்கள் வீட்டோடு எரிந்திருக்கிறார்கள். என்னிடம் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது, ஓமம் இருக்கிறது, மேலே வருவதானால் வா என்பேன். இதுவரை இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் இப்போது எலுமிச்சைப் புல்லில் என்னைவிட நன்றாக வடிக்கிறான்.

விலை உயர்ந்த மற்ற கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. சுழலும் ஆவியாக்கி, வெற்றிட பம்ப், அழுத்தக் கரியமில வாயு இயந்திரம் எதுவும் வேண்டாம். கடைசியில் சொன்னது 31 டிகிரிக்கும் 73 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேலே ஓடுவது. சைக்கிள் டியூபில் இருக்கும் அழுத்தத்தைப்போலப் பல மடங்கு. அது ஆலைக்கு.

வடித்து முடித்த ஓமச் சக்கையை எறியாதீர்கள். காயவைத்துச் செடிக்குப் போடலாம். பானையைச் சலவைச் சோடாவில் ஒரு கொதி விட்டுக் கழுவுங்கள், இட்லிக்கு அதை மறுபடி எடுக்காதீர்கள்; நான் எடுத்தேன், என் மகன் இரண்டு வாரம் காலையில் ஓட்டலில் சாப்பிட்டான்.

பம்ப் எங்கே வாங்குவது என்று எழுத மறந்துவிட்டேன். ஹார்டுவேர் கடையில் கேட்டால் வீட்டுத் தொட்டிக்கு ஏற்றும் பெரிய மோட்டாரைக் காட்டுவார்கள். கொளத்தூருக்குப் போங்கள், வண்ணமீன் கடைகளுக்கு. தொட்டிக்குள் முக்கி வைக்கும் சின்ன பம்ப், பதினெட்டு வாட் போதும், ஒன்றரை மீட்டர் உயரம் தூக்குவதாகப் பார்த்து வாங்குங்கள். தண்ணீருக்குள் கிடக்கும் மின்சாதனம் என்பதால் மின்கசிவு வந்தால் தானாகத் துண்டிக்கும் கருவி உள்ள இணைப்பில் மாட்டுங்கள். நான் போனபோது கடைக்காரர் பம்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "தொட்டியில் என்ன மீன் அம்மா?" என்று கேட்டார். ஓமம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அந்த ரகம் இப்போது கையிருப்பில் இல்லை என்றார்.